‘கெட்’டைச் சுற்றிப் பதினொரு சிவப்பு வட்டம்: எது பிழை, எது வெறும் வெறுப்பு?

பிறைவாசி அம்மா | ஞாயிறு, இரவு 9.42

அனைவருக்கும் வணக்கம். மகள் இடைநிலைப் பள்ளியில் படிவம் 2 படிக்கிறாள். தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்வந்ததை ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தாள். திரும்பி வந்த தாளில் பதினொரு சிவப்பு வட்டம். பதினொன்றும் ஒரே வினைச்சொல்லைச் சுற்றித்தான்: கெட், அல்லது அதன் இறந்தகாலமான காட். (கடவுள் என்று படித்துவிடாதீர்கள். தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டும் ஒன்றாகத்தான் விழுகின்றன.) ஓரத்தில் ‘இச்சொல்லைத் தவிர்க்கவும்’ என்று ஒரு வரி. வேறு விளக்கம் இல்லை.

ஐந்தை மட்டும் அவள் எழுதியபடியே தருகிறேன்.

“இன் பினாங்கு காட் டூ சாரியட்ஸ்.” வெள்ளி ரதத்தையும் தங்க ரதத்தையும் சொல்கிறாள்.
“ஐ காட் சீ மை டீச்சர் தேர்.”
“மை கிராண்ட்மதர் காட் டயர்ட்.” மலைக்கோயிலுக்கு 513 படி. என் மாமியார் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார்.
“மை பிரதர் காட் லாஸ்ட்.” தண்ணீர்ப் பந்தல் தண்ணீர்ப் பந்தலாகத் தேடினோம்.
“வி காட் ஹோம் அட் மிட்நைட்.”

முதல் இரண்டும் காதில் உறுத்துகின்றன. மற்ற மூன்றிலும் என்ன குறை என்று எனக்குத் தெரியவில்லை. நான் படித்ததெல்லாம் மலாய் வழி. அவளோ, “அந்தச் சொல்லே கெட்ட வார்த்தையா அம்மா?” என்று கேட்கிறாள். பெயரிலேயே ‘கெட்’ இருக்கிறதே என்று நானும் சிரித்து மழுப்பிவிட்டேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


செந்தூல்காரன் | ஞாயிறு, இரவு 10.15

ஆசிரியர் செய்தது சரி. கெட் என்பது சோம்பேறிகளின் சொல். எங்கள் காலத்தில் கட்டுரையில் ஒரு கெட் வந்தால் பத்து சென் அபராதம். உண்டியல் நிறைந்ததும் வகுப்புக்கே ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தார் ஆசிரியை. அந்த ஐஸ் கச்சாங்கில் பாதி என் காசு. ஆனால் சொல்வளம் வந்தது.

மகளிடம் ஒரு பட்டியல் கொடுங்கள் அக்கா. பெறுதல் என்றால் அப்டெய்ன், கடிதம் வந்தால் ரிசீவ், ஆகுதல் என்றால் பிகம், போய்ச்சேர்தல் என்றால் அரைவ் அல்லது ரீச். இதற்கு மேல் கெட் எதற்கு?


ஓய்வு வாத்தியார், புக்கிட் மெர்தாஜாம் | திங்கள், காலை 6.30

செந்தூல் தம்பி, உங்கள் பட்டியலை வைத்துக்கொண்டு “அவருக்குச் சளி பிடித்தது” என்பதை எழுதிப் பாருங்கள். “ஹி அப்டெய்ன்ட் எ கோல்ட்” என்று வரும். சளியை மனுப் போட்டா வாங்கினார்?

அம்மா, உங்களுக்கு விரிவாகவே எழுதுகிறேன். காலைக் கோப்பி இன்னும் ஆறவில்லை, நேரம் இருக்கிறது.

நீங்கள் தந்த ஐந்தில் பிழை இரண்டுதான். உங்கள் காது சொன்ன அதே இரண்டு. “பினாங்கில் இரண்டு ரதங்கள் உள்ளன” என்பதற்கு ஆங்கிலம் “தேர் ஆர்” என்று தொடங்கும். உள்ளது, இருக்கிறது என்ற பொருளில் கெட் வரவேண்டுமானால் உடையவர் ஒருவர் முன்னால் நிற்க வேண்டும், கூடவே ஹேவ் வேண்டும்: “ஐ ஹேவ் காட் டூ பிரதர்ஸ்” என்பதுபோல. ‘இன் பினாங்கு’ என்பது இடம், உடைமைக்காரர் அல்ல. இரண்டாவது சொற்றொடரில் காட் வேண்டவே வேண்டாம். “ஐ சா மை டீச்சர்” போதும்.

மற்ற மூன்றும் நல்ல ஆங்கிலம். இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்த பிள்ளையும் அப்படித்தான் எழுதும். பாட்டி களைத்துப்போனார், தம்பி காணாமல் போனான், நள்ளிரவில் வீடு வந்து சேர்ந்தோம். அந்த மூன்றுக்கும் வட்டம் போட்டது பழக்க தோஷம். நானும் போட்டிருக்கிறேன், மறுக்கவில்லை. நாற்பது தாள் திருத்தும்போது கை தானாகவே சுழிக்கும். அலுவலகக் கடிதத்திலும் அறிக்கையிலும் கெட்டைக் குறைத்துக்கொள்வது நல்ல பழக்கம். அங்கே கடிதம் வந்ததை ‘ரிசீவ்ட்’ என்பதுதான் மரபு. அந்த மரபைத் தைப்பூசக் கதைக்குள்ளும் கொண்டுவந்து நுழைத்ததுதான் கோளாறு.

பிள்ளைகளுக்கு நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்த ஒரு சோதனை உண்டு. கெட் வரும் இடத்தைத் தமிழில் சொல்லிப் பார், எழுவாய் ‘நான்’ என்று வருகிறதா, ‘எனக்கு’ என்று வருகிறதா? “நான் டிக்கெட் வாங்கினேன்”, “எனக்கு டிக்கெட் கிடைத்தது”. ஆங்கிலத்தில் இரண்டும் “ஐ காட் எ டிக்கெட்” தான். முதலாவதில் நான் வரிசையில் நின்றேன். இரண்டாவதில் யாரோ நீட்டினார்கள், நான் கையை மட்டும் நீட்டினேன். தமிழ் ஆளை நான்காம் வேற்றுமைக்கு நகர்த்திவிட்டு, அவர் முயன்றாரா, சும்மா இருந்தாரா என்பதைச் சொல்லிவிடும். ஆங்கிலத்தின் கெட் அதைச் சொல்லாமல் மூடி வைத்துக்கொள்ளும். எனக்குப் பசித்தது, எனக்குப் புரிந்தது, எனக்குக் கோபம் வந்தது: இந்த ‘எனக்கு’ வாக்கியங்களில் பல ஆங்கிலத்துக்குப் போகும்போது கெட்டுக்குள்தான் விழும்.


லேபு பாசார் கடைக்காரன் | திங்கள், காலை 11.05

வாத்தியார் ஐயா சொன்னது சரி. ஆனால் அந்த முதல் இரண்டும் வெறும் பிழை என்று தள்ளிவிடாதீர்கள். அவை எங்கிருந்து வந்தன என்று கேட்டுப் பாருங்கள்.

என் கடை ஜார்ஜ்டவுனில் துணிக்கடை. ஒரு நாளைக்கு ஐம்பது பேராவது உள்ளே தலையை நீட்டி “ஒயிட் கலர் காட் ஆர் நாட்?” என்று கேட்பார்கள். சீனர், மலாய்க்காரர், நம்மவர் என்று பேதமே இல்லை. பினாங்குச் சீனர் பேசும் ஹொக்கியனில் இது “ஊ போ?” ஊ என்றால் உண்டு, போ என்றால் இல்லை. (நான் சிறுவனாக இருந்தபோது, சீனக் கிழவி என்னைக் கடையைவிட்டுப் போகச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.) மலாயில் “அடா தக்?” இப்போது தமிழில் சொல்லுங்கள்: “வெள்ளை நிறம் உண்டா இல்லையா?” சொல்லுக்குச் சொல் அதேதான்.

இரண்டாவது சொற்றொடரும் அப்படியே. ஹொக்கியனில் நடந்து முடிந்ததை உறுதியாகச் சொல்ல வினைக்கு முன்னால் ஊ போடுவார்கள். பேச்சு மலாயில் “சாயா அடா பெர்கி” என்றால் நான் போகத்தான் செய்தேன் என்று பொருள். நாம் “பார்த்தது உண்டு” என்கிறோம். அந்தப் பிள்ளை “ஐ காட் சீ” என்று எழுதியதில் மூன்று மொழிகள் உட்கார்ந்திருக்கின்றன. ஆங்கிலம் மட்டும் வெளியே நிற்கிறது.


செந்தூல்காரன் | திங்கள், பிற்பகல் 1.20

அருமை அண்ணா. அப்படியானால் எஸ்.பி.எம். தேர்விலும் “காட் ஆர் நாட்” என்றே எழுதச் சொல்லலாமா?


லேபு பாசார் கடைக்காரன் | திங்கள், பிற்பகல் 1.31

தேர்வில் எழுதச் சொல்லவில்லை தம்பி. கடையில் பேசச் சொல்கிறேன். கடைக்கு வந்து “ஆர் தேர் எனி ஒயிட் ஒன்ஸ்?” என்று கேட்டுப் பாருங்கள், என் பையன் விலையை ஐந்து ரிங்கிட் ஏற்றிவிடுவான்.


ஓய்வு வாத்தியார், புக்கிட் மெர்தாஜாம் | திங்கள், பிற்பகல் 2.10

கடைக்காரர் சொன்னதில் ஒரு சிறு திருத்தம். “பார்த்தது உண்டு” என்றால் வாழ்நாளில் எப்போதோ ஒருமுறையாவது பார்த்த அனுபவம். நேற்று மாலை ஆறு மணிக்குப் பார்த்ததை அப்படிச் சொல்ல மாட்டோம். அந்த இடத்தில் ஹொக்கியனும் மலாயும்தான் ஒத்துப்போகின்றன, தமிழ் கொஞ்சம் விலகி நிற்கிறது. ஆனால் “உண்டா இல்லையா” விஷயத்தில் மறுப்பே கிடையாது. இத்தனை ஆண்டுகள் வகுப்பில் நின்றும் எனக்கு இது தோன்றவில்லை என்று நினைக்கச் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது.


பத்து பெரிங்கி முன்னாள் | திங்கள், இரவு 8.55

இலக்கணம் எனக்குத் தெரியாது. இந்தச் சொல்லால் பட்ட பாடு ஒன்றைச் சொல்கிறேன்.

1990களில் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் பானங்கள் பரிமாறும் வேலை. வயது பத்தொன்பது. ஒரு மாலை இரண்டு வெள்ளைக்காரத் தம்பதியர், நான்கு கிளாஸ். தட்டோடு போய் நின்றேன். ஒருவர் கிளாஸ்களைக் காட்டி, “லெட் மீ கெட் தீஸ்” என்றார். விருந்தினர் தம் கையாலேயே தட்டிலிருந்து எடுத்து வைக்க விரும்புகிறார் என்று நினைத்தேன். அது என் வேலையாயிற்றே! தட்டைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டு “நோ, சார்” என்றேன். எதிரே இருந்தவர், “நோ நோ, ஐ வில் கெட் தெம்” என்றார். இரண்டு பேரும் தட்டுக்குச் சண்டை போடுகிறார்களே என்று எனக்கு வியர்த்துவிட்டது. தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, “ஐ கெட், சார்! ஐ கெட்!” என்று உரக்கச் சொன்னேன்.

நான்கு பேரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். ஒரு பெண்மணிக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ஏன் என்று விளங்காமல் உள்ளே வந்தேன். எங்கள் மேற்பார்வையாளர் தமிழர், வயதில் மூத்தவர். கவுண்டருக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். “தம்பி, அந்த நான்கு கிளாஸ் பில்லையும் நீயே கட்டுவதாக இப்போதுதான் சொல்லிவிட்டு வந்திருக்கிறாய். சம்பளத்தில் எவ்வளவு மிஞ்சும், கணக்குப் போட்டாயா?” என்றார்.

கெட் என்றால் பணம் கட்டுவது என்றும் ஒரு பொருள் இருப்பது அன்றுதான் தெரிந்தது. நாம் ‘பெலாஞ்சா’ என்று சொல்வோமே, அது. அந்த வெள்ளைக்காரர் போகும்போது தட்டில் இருபது ரிங்கிட் வைத்துவிட்டுப் போனார்.


பிறைவாசி அம்மா | திங்கள், இரவு 9.30

பத்து பெரிங்கி அண்ணா, மகளுக்கு வாசித்துக் காட்டினேன். “ஐ கெட், சார்” என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.


அகராதிப் பித்து, பிரிக்ஃபீல்ட்ஸ் | செவ்வாய், அதிகாலை 12.48

தூக்கம் வராதவனுக்கு இந்த இழை வரப்பிரசாதம்.

கெட்டைச் சோம்பேறிச் சொல் என்று திட்டும் செந்தூல் நண்பருக்கு ஒரு செய்தி. அது ஆங்கிலத்தின் சொந்தச் சொல்லே அல்ல, இரவல். 793இல் லிண்டிஸ்பார்ன் மடத்தைக் கொள்ளையடித்ததிலிருந்து வைக்கிங்குகள் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் ஓயாமல் வந்து இறங்கினார்கள். முதலில் சூறையாட வந்தவர்கள், பிறகு குடியேறி, பெண் கொண்டு, பெண் கொடுத்து, அண்டை வீட்டாராகிப்போனார்கள். அவர்களுடைய பழைய நார்ஸ் மொழியின் ‘கெடா’ என்ற வினைதான் கெட். டேக், எக், ஸ்கை, தே எல்லாம் அதே வழியில் வந்தவைதாம். முட்டைக்கும் வானத்துக்கும் ‘அவர்கள்’ என்பதற்கும்கூட ஒரு மொழி அண்டைவீட்டில் கடன் வாங்கியிருக்கிறது. மலாய் நம்மிடமிருந்து கடையைக் கெடாய் என்றும், கப்பலைக் காப்பால் என்றும், கட்டிலைக் காத்தில் என்றும் வாங்கிக்கொண்டதைப்போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஆங்கிலத்திலும் இதே வேர் இருந்தது, ஆனால் தனியாக நடமாடவில்லை. முன்னொட்டோடு சேர்ந்துதான் வரும். பிகெட், ஃபர்கெட் இரண்டும் அப்படி வந்தவை. உச்சரிப்பில் ககரம் இல்லை, யகரம். ‘ஃபர்யெட்’ என்பதற்கு அருகில் இருந்திருக்கும். ககரத்தை அழுத்திச் சொல்லக் கற்றுக்கொடுத்தது நார்ஸ். ஃபர்கெட் என்ற சொல்லை உடைத்துப் பாருங்கள்: பிடித்ததைக் கைநழுவ விடுவதுதான் மறதி. இந்த வேரின் தூரத்து உறவு லத்தீனில் ‘ப்ரெஹெண்டெரே’, பிடித்தல். அதிலிருந்துதான் புரிந்துகொள்வதைக் குறிக்கும் கம்ப்ரிஹென்ட் வந்தது, சிறையைக் குறிக்கும் ப்ரிஸனும் வந்தது. ஒருவரைப் பிடித்தால் சிறை, பொருளைப் பிடித்தால் புரிதல். “காட் இட்?” என்று கேட்டால் புரிந்ததா என்று பொருள் வருவது தற்செயல் அல்ல.

பொருள்களின் எண்ணிக்கையில் கெட் முதலிடம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், யாராவது கேட்பார்கள். 1989இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு செட் என்ற சொல்லுக்கு. பிறகு ரன் முந்திக்கொண்டது; வினையாக மட்டும் அதற்கு 645 பொருள் தேறியதாக 2011இல் செய்தி வந்தது. நம் ‘போடு’வை யாராவது உட்கார்ந்து எண்ணினால் கோலம் போடுவதில் தொடங்கிச் சண்டை போடுவதுவரை போட்டிக்கு நிற்கும் என்பது என் எண்ணம்.


ஆயர் ஈத்தாம் தமிழாசிரியை | செவ்வாய், மாலை 4.40

ஆங்கிலம் என் பாடம் அல்ல. படிக்கும்போது ஒன்று தோன்றியது, தவறாக இருந்தால் வாத்தியார் ஐயா திருத்தட்டும்.

கெட்டுக்கு ஒரே தமிழ்ச் சொல் இல்லை என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். எனக்கு ஒன்று தெரிகிறது: கொள். அதன் அடிப்படைப் பொருளே பெறுதல், வாங்குதல், கையில் பிடித்தல். கொள்முதல் என்கிறோம். பெண் எடுப்பதையும் கொடுப்பதையும் கொள்வினை, கொடுப்பினை என்கிறோம். இப்போது வரிசையாக வைத்துப் பாருங்கள். காட் மேரீட், மணந்துகொண்டான். காட் டிரெஸ்ட், உடுத்திக்கொண்டான். காட் ஆங்கிரி, கோபம் கொண்டான். காட் காட், மாட்டிக்கொண்டான். (இரண்டும் ஒரே காட் அல்ல. முதலாவது கெட்டின் இறந்தகாலம், இரண்டாவது பிடிபடுவது.) காட் இட், புரிந்துகொண்டான். காட் யூஸ்ட், பழகிக்கொண்டான். கெட் மீ சம் வாட்டர், தண்ணீர் கொண்டுவா. தனிச் சொல்லாக நின்றால் வாங்குவது, துணைவினையாக ஒட்டினால் செயல் செய்தவனிடமே திரும்பி வருவது. கெட்டும் அதே இரண்டு வேலைகளைத்தான் செய்கிறது.


அகராதிப் பித்து, பிரிக்ஃபீல்ட்ஸ் | செவ்வாய், மாலை 5.02

டீச்சர், கை கொடுங்கள். மாலை முழுக்க இதையே யோசித்துக்கொண்டிருக்கப் போகிறேன்.


செந்தூல்காரன் | செவ்வாய், மாலை 6.15

நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓட்டை இருக்கிறது. “ஹி காட் ஹிட் பை எ மோட்டார்பைக்” என்பதை “மோட்டார்சைக்கிளால் இடித்துக்கொண்டான்” என்று எழுதுவீர்களா? அவன் நடைபாதையில் சும்மா நின்றவன்.


ஆயர் ஈத்தாம் தமிழாசிரியை | செவ்வாய், மாலை 6.50

ஒப்புக்கொள்கிறேன். (இதிலும் கொள் வந்துவிட்டது.) அங்கே தமிழ் ‘படு’வைக் கூப்பிடும்: அடிபட்டான், பிடிபட்டான். இல்லாவிட்டால் ‘போ’: தொலைந்துபோனான், களைத்துப்போனார், நனைந்துபோனது. ஆளின் விருப்பமோ கவனக்குறைவோ உள்ளே இருந்தால் கொள், ஒன்றுமே இல்லாமல் வந்து விடிந்தால் படு அல்லது போ. பிறைவாசி அம்மாவின் மகன் தொலைந்துபோனவன். அவன் வேண்டுமென்றே பலூன்காரர் பின்னால் போயிருந்தால் ‘தொலைத்துக்கொண்டான்’ என்று சொல்லலாமோ என்னவோ.


பிறைவாசி அம்மா | செவ்வாய், மாலை 7.12

பலூன்காரர் இல்லை டீச்சர். தேங்காய் உடைக்கிற இடத்தில் ரதத்தைப் பார்த்தபடி நின்றுவிட்டான். நாங்கள்தான் தொலைந்துபோனோம் என்று இன்றுவரை வாதாடுகிறான்.


லேபு பாசார் கடைக்காரன் | செவ்வாய், இரவு 8.20

செந்தூல் தம்பியின் ஓட்டைக்கு மலாயில் அடைப்பு இருக்கிறது: கெனா. கெனா லங்கார் என்றால் மோதப்பட்டான், கெனா திப்பு என்றால் ஏமாற்றப்பட்டான், கெனா சாமான் என்றால் போலீஸ் சம்மன் கிடைத்தது. நம் ஊரில் தமிழரும் சீனரும் ஆங்கிலத்துக்கு நடுவிலேயே கெனா போட்டுப் பேசுவது இந்தக் காட் வரும் இடத்தில்தான்.

இன்னொன்றைக் கவனியுங்கள். “கெனா பெர்கி” என்றால் போயே ஆகவேண்டும். ஆங்கிலத்தில் “ஹேவ் காட் டு கோ” என்றாலும் போயே ஆகவேண்டும். அடி விழுவதற்கும் கட்டாயத்துக்கும் மலாயில் ஒரே சொல், ஆங்கிலத்திலும் ஒரே சொல். ஒன்றையொன்று பார்த்து எழுதிய மொழிகள் அல்ல இவை. தலையில் வந்து விழுவதும் தலையெழுத்தாக வருவதும் ஒன்றுதான் என்று இரண்டு ஊர்க்காரர்களும் தனித்தனியாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.


ஓய்வு வாத்தியார், புக்கிட் மெர்தாஜாம் | புதன், காலை 6.45

ஒரு நாள் கண் அயர்ந்தால் இவ்வளவு எழுதிவிடுகிறீர்கள். டீச்சரின் ‘கொள்’ளை நான் வகுப்பில் இருந்த காலத்திலேயே யாராவது சொல்லியிருந்தால் என் வேலை பாதியாகக் குறைந்திருக்கும். ஏனென்று சொல்கிறேன்.

நம் பிள்ளைகள் எல்லோரும் “ஐ கட் மை ஹேர் எஸ்டர்டே” என்று எழுதுவார்கள். நீயே கத்தரிக்கோல் எடுத்து வெட்டினாயா என்று கேட்டால், “இல்லை சார், கடையில்தான்” என்பார்கள். குற்றம் அவர்கள்மீது இல்லை. தமிழில் முடி வெட்டினேன், பல் பிடுங்கினேன், சட்டை தைத்தேன் என்றால் யாரும் நானே பிடுங்கினேன் என்று நினைக்க மாட்டார்கள். கேட்கிறவரின் பொது அறிவை நம்பித் தமிழ் விட்டுவிடுகிறது. ஆங்கிலம் அப்படி விடாது. அடுத்தவர் கையால் செய்வித்தால் “ஐ காட் மை ஹேர் கட்” என்று கெட்டை முன்னால் நிறுத்தி, முடியை நடுவில் வைத்து, வெட்டப்பட்டது என்ற வடிவத்தைக் கடைசியில் வைக்க வேண்டும். ஒருவரை இணங்க வைத்துச் செய்ய வைத்தால் அமைப்பு வேறு: “ஐ காட் ஹிம் டு சைன்”, அவரிடம் கையெழுத்து வாங்கினேன். இதில் ‘டு’ கட்டாயம். மேக் வந்தால் ‘டு’ கூடாது: “ஐ மேட் ஹிம் சைன்”. கெட்டில் ஒரு கெஞ்சல் இருக்கிறது, மேக்கில் பிடரியில் கை இருக்கிறது. ‘டு’ அந்தக் கெஞ்சலுக்குக் கொடுக்கும் கூலி என்று சொல்லித்தான் நான் நினைவில் நிறுத்த வைத்தேன். இலக்கண நூலில் இப்படி இருக்காது, தேடாதீர்கள்.

கெட்டோடு சிறு சொற்கள் ஒட்டும்போது வருகிற பொருள்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இன்றைய பசியாறல் நேரம் போய்விடும். கெட் ஓவர் என்றால் மீண்டு எழுவது, கெட் பை என்றால் இருப்பதைக் கொண்டு காலம் தள்ளுவது, கெட் அவே வித் என்றால் செய்துவிட்டுத் தப்பிப்பது. இவற்றுக்கு ஒற்றைச் சொல் மாற்று எழுதினால் உயிர் போய்விடும். செந்தூல் தம்பியின் ஆசிரியை இதற்கும் பத்து சென் வாங்கினாரா?


செந்தூல்காரன் | புதன், காலை 8.30

அதற்கு இருபது சென், ஐயா.


செராஸ் கல்லூரி மாணவி | புதன், இரவு 10.05

ஒரு சின்னக் கேள்வி. காட்டன் என்று சில இடங்களில் பார்க்கிறேன். (சேலை அல்ல.) “ஹேஸ் காட்டன் பெட்டர்” என்று எழுதலாமா?


அகராதிப் பித்து, பிரிக்ஃபீல்ட்ஸ் | புதன், இரவு 11.40

அமெரிக்காவில் எழுதலாம். அங்கே இரண்டுக்கும் வேலைப் பிரிவினை உண்டு: “ஹேவ் காட் எ கார்” என்றால் கார் இருக்கிறது, “ஹேவ் காட்டன் எ கார்” என்றால் புதிதாக வாங்கியாயிற்று. இங்கிலாந்திலும் முன்பு வழங்கிய வடிவம்தான். பின்னர் அவர்களே கைவிட்டார்கள். ஃபர்காட்டன், பிகாட்டன் போன்றவற்றில் மட்டும் வால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிறகு தீய வழியில் சேர்த்த சொத்தைச் சொல்லும் இல்-காட்டனில். நம் பள்ளிகளில் பிரிட்டிஷ் மரபு என்பதால் தேர்வில் காட் போதும். ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காதீர்கள் தங்கையே.


பிறைவாசி அம்மா | ஞாயிறு, இரவு 9.15

ஒரு வாரம் ஆயிற்று. சொல்ல வேண்டியது சொல்லாமல் இருக்கக் கூடாது என்று வந்தேன்.

மகளை உட்கார வைத்து இந்த இழையை முதலிலிருந்து வாசித்தேன். பதினொன்றையும் அவளே ‘நான்’, ‘எனக்கு’, ‘உண்டு’, ‘கொண்டு’, ‘போய்’ என்று ஓரத்தில் தமிழில் எழுதிப் பிரித்தாள். ‘உண்டு’ என்று எழுதிய நான்கையும் அடித்துவிட்டு “தேர் ஆர்” என்றோ நேரடி வினையாகவோ மாற்றினாள். ‘எனக்கு’ என்று வந்த இரண்டை ரிசீவ்ட் ஆக்கினாள். பாட்டி களைத்ததையும் தம்பி தொலைந்ததையும் நள்ளிரவில் வீடு வந்ததையும் விட்டுவைக்கலாம் என்று நான் சொன்னேன். பாட்டியை மட்டும் “வாஸ் எக்ஸாஸ்டட்” என்று மாற்றினாள், அதுதான் பாட்டிக்குப் பொருத்தமாம். தம்பியை மாற்ற மறுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை தாள் திரும்பி வந்தது. வட்டம் ஒன்றே ஒன்று, அதுவும் வேறொரு சொல்லின் எழுத்துப்பிழைக்கு. கெட்டின் மேல் ஒன்றும் இல்லை. ஆசிரியர் மனம் மாறினாரா, அன்றைக்கு அவசரமா தெரியவில்லை.


செந்தூல்காரன் | ஞாயிறு, இரவு 9.40

மகிழ்ச்சி அக்கா. ஆனாலும் “வி காட் ஹோம்” என்பதற்கு “வி ரீச்ட் ஹோம்” என்று எழுதியிருக்கலாம்.


ஓய்வு வாத்தியார், புக்கிட் மெர்தாஜாம் | ஞாயிறு, இரவு 9.58

தம்பி, இந்த ஊரில் எல்லோரும் வாட்ஸ்அப்பில் “ரீச்ட் ஆல்ரெடி” என்று அனுப்புகிறோம், நானும் அனுப்புகிறேன். ஆனால் வீடு திரும்பியதைச் சொல்ல இங்கிலாந்துக்காரர் வாயில் முதலில் வருவது “காட் ஹோம்” தான். அந்தப் பிள்ளை எழுதியதை அப்படியே விடுங்கள்.


செந்தூல்காரன் | ஞாயிறு, இரவு 10.03

சரி ஐயா, விட்டுவிட்டேன். அக்கா, தம்பிக்கு ஏன் அப்படிப் பிடிவாதம் பிடித்தாள்?


பிறைவாசி அம்மா | ஞாயிறு, இரவு 10.20

“வாஸ் லாஸ்ட்” என்று மாற்றினால் அவன் முதலிலிருந்தே அப்படித்தான் இருந்தான் என்று ஆகிவிடுமாம். “காட் லாஸ்ட்” என்றால்தான், கையைப் பிடித்துக்கொண்டு வந்தவன் ஒரு கணத்தில் காணாமல் போனது தெரியுமாம். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, தொலைந்தது தான் இல்லை என்று இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறான்.